லண்டனில் கல்யாணம்: சிவப்பு சிங்கப்பூர் பாஸ்போர்ட் இருந்தாலும் விசா எடுக்க வேண்டுமா?

ஈசூன் மல்லிகை
2025 ஜூலை 6, இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 31 வயது. சிங்கப்பூர்க் குடிமகள். சாங்கி பக்கம் ஒரு சரக்குக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. நான் கட்டிக்கொள்ளப் போகிறவர் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், 14 வருஷமாக லண்டனில் ஹாரோ பக்கம் இருக்கிறார். இலங்கை பாஸ்போர்ட்தான் வைத்திருக்கிறார், ஆனால் அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை கிடைத்துவிட்டது.

கல்யாணத்தை இங்கே சிராங்கூன் ரோட்டில் வைக்க வேண்டும் என்பதுதான் எங்கள் வீட்டு ஆசை. ஆனால் அவருடைய அம்மாவுக்கு வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். 13 மணி நேரம் விமானத்தில் உட்கார வைக்க யாருக்கும் மனசு வரவில்லை. அவருக்கு அப்பா இல்லை, அம்மா ஒருவர்தான். அந்த அம்மா பார்க்காமல் தாலி கட்டுவதா என்று என் அப்பாவே சொல்லிவிட்டார். அதனால் லண்டனில்தான் என்று முடிவாகிவிட்டது. ஜோசியர் தை மாதத்தில் 2026 பிப்ரவரி 8, ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துக் கொடுத்திருக்கிறார்.

இப்போது ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். என் ஒன்றுவிட்ட அண்ணன் 2018ல் பெர்த்துக்கு டூரிஸ்டாகப் போய், அங்கேயே பதிவு பண்ணிக்கொண்டு வந்தார். அவர், "நம்ம பாஸ்போர்ட்டுக்கு எதுக்கு விசா" என்கிறார். தம்பியின் நண்பர், "16 பவுண்டு கட்டி இடிஏ (ஆன்லைன் பயண அனுமதி) எடு, இமிகிரேஷனில் சுற்றிப் பார்க்க வந்தேன் என்று சொல், போதும்" என்கிறார். எனக்கு அது பயமாக இருக்கிறது.

இன்னொரு விஷயம். கல்யாணம் முடிந்தவுடன் நான் அங்கேயே தங்கப் போவதில்லை. அப்பாவுக்கு ஏப்ரலில் பைபாஸ் ஆகியிருக்கிறது, தம்பி இன்னும் தேசிய சேவையில். ஒரு வருஷமாவது இங்கே இருந்துவிட்டுத்தான் அங்கே குடிபோக வேண்டும். இதை விண்ணப்பத்தில் அப்படியே சொன்னால் விசா தரமாட்டார்களோ? எத்தனை நாள் லீவு எடுக்க வேண்டியிருக்கும்? அனுபவப்பட்டவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.


பிடோக் டீச்சர்
2025 ஜூலை 7, மாலை 6.15

தங்கச்சி, உங்கள் பயம் நியாயமானது. அந்த நண்பர் சொன்ன வழியில் போகவே போகாதீர்கள்.

சுற்றிப் பார்க்கவோ, சொந்தக்காரர் கல்யாணத்துக்கோ பிரிட்டன் போக நமக்கு விசா வேண்டாம். 2025 ஜனவரி 8 முதல் இடிஏ மட்டும் எடுக்கச் சொல்கிறார்கள். ஆனால் அங்கே போய்ச் சட்டப்படி நீங்களே கல்யாணம் செய்துகொள்வதற்கு, அவ்வளவு ஏன், கல்யாணம் செய்யப் போகிறோம் என்று பதிவகத்தில் நோட்டீஸ் கொடுப்பதற்குக்கூட, 'மேரேஜ் விசிட்டர் விசா' வேண்டும். எந்த நாட்டுக் கடப்பிதழுக்கு விசா வேண்டும், எதற்கு வேண்டாம் என்ற கணக்கு இங்கே செல்லாது. பெர்த் அண்ணன் சொன்னதும் பொய் இல்லை. ஆஸ்திரேலியாவில் சுற்றுலா விசாவில் போய்க் கல்யாணம் செய்துகொள்ளலாம், ஒரு மாதம் முன்பாக நோட்டீஸ் கொடுத்திருந்தால் போதும். அது அந்த நாட்டுச் சட்டம். பிரிட்டனில் வேறு.

பொய் சொல்லிப் போனால் என்ன ஆகும் என்று கேட்டால், பெட்டியில் கூறைப்புடவையும் தாலியும் இருக்கும்போது அதிகாரி பெட்டியைத் திறந்தால் போதும். திருப்பி அனுப்பிவிடலாம். அந்தப் பதிவு பிறகு நீங்கள் துணைவர் விசா கேட்கும்போது முன்னால் வந்து நிற்கும். கணவரோடு வாழப் போகிற ஊர் அது, தங்கச்சி. முதல் அடியைப் பொய்யில் வைக்க வேண்டாம்.

நான் 2023ல் இதே விசாவில் போய் லண்டனில் பதிவு செய்துகொண்டேன். என் கணவர் அங்கேயே பிறந்து வளர்ந்தவர். நான் விண்ணப்பித்தபோது 100 பவுண்டு. இந்த ஏப்ரல் முதல் 127 ஆகிவிட்டது. பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்துதான் ஆன்லைனில் விண்ணப்பிக்க முடியும். பணம் கட்டி, பத்திரங்களை ஏற்றிவிட்டு, விசா மையத்தில் கைரேகையும் படமும் கொடுத்துவிட்டு வர வேண்டும். மூன்று வாரம் என்று சொன்னார்கள், எனக்கு அதற்குள்ளேயே வந்துவிட்டது. விசா ஆறு மாதத்துக்குத் தருகிறார்கள். அது கையில் இருந்தால் உங்களுக்கு இடிஏ தனியாக வேண்டாம். உங்கள் அப்பா, தம்பி விருந்தினராக வருவதற்குத்தான் ஆளுக்கு 16 பவுண்டில் இடிஏ.

விசாவைவிட என்னைப் படுத்தியது நாள்கணக்குதான். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலரும் சறுக்குவது அங்கேதான்.

இங்கிலாந்தில் போய் இறங்கியதும் நோட்டீஸ் கொடுத்துவிட முடியாது. முழுசாக ஏழு நாள் அங்கே தங்கியிருக்க வேண்டும். இறங்கிய நாள் கணக்கில் வராது. பிறகு இரண்டு பேரும் சேர்ந்து பதிவகத்துக்கு நேரில் போய் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். வெளிநாட்டவர் சம்பந்தப்பட்டிருந்தால் அதற்கென்று குறித்த பதிவகங்கள்தான். அதன்பிறகு 28 நாள் அந்த நோட்டீஸ் பலகையில் தொங்கும். அந்த 28 நாளும் முழுசாகக் கழிந்த பிறகுதான் கல்யாணம்.

நான் ஆசிரியை. ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை ஆறு வாரத்தை விட்டால் எனக்கு நாளே கிடையாது. அம்மா தேக்காவில் வாங்கி மாட்டிய தினசரிக் காலண்டரின் தாள்களைப் புரட்டிப் புரட்டி, ஓரத்தில் பென்சிலால் எண் போட்டேன். நவம்பர் 18 சனிக்கிழமை இரவு விமானம். 19 காலையில் இறங்கினேன். 20லிருந்து 26 வரை ஏழு நாள். 27 திங்கள் காலையில் நோட்டீஸ். அடுத்த நாளிலிருந்து 28 எண்ணினால் டிசம்பர் 25ல் முடிகிறது. 26ம் அங்கே விடுமுறை. 28 வியாழக்கிழமை காலை 11 மணிக்கு ஒரே ஒரு நேரம் காலியாக இருந்தது. அதை ஆகஸ்ட் மாதமே பிடித்து வைத்திருந்தோம். 30ம் தேதி ஏறினால்தான் ஜனவரி 2 பள்ளி திறக்கும்போது வகுப்பில் நிற்க முடியும். நவம்பர் 27ல் ஏதாவது ஒரு தாள் குறைந்திருந்தால்கூட எல்லாம் அடுத்த வருஷத்துக்குப் போயிருக்கும். அன்று காலை பேருந்தில் அந்த உறையை மடியில் வைத்துக்கொண்டு, பிரித்துப் பார்ப்பதும் மூடுவதுமாகவே போனேன்.

டிசம்பர் 28 என்றால் மார்கழி. எங்கள் அம்மா ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. "பீடை மாசத்துல எவளாவது கல்யாணம் பண்ணுவாளா" என்று கேட்டார். நான் சொன்னது ஒன்றுதான்: "அம்மா, அங்கே நடக்கிறது கையெழுத்து. தாலி தை மாசம் இங்கே, நீ சொல்கிற நாளில், நீ சொல்கிற கோவிலில்." அப்படியேதான் நடந்தது. உங்கள் வீட்டிலும் இதைச் சொல்லிப் பாருங்கள். கையெழுத்தும் தாலியும் ஒரே நாளில் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் திட்டம் முழுக்க ஒற்றைக் காலில் நிற்கும். இங்கிலாந்தில் கோவிலில் நடக்கும் சடங்கு மட்டும் சட்டப்படி கல்யாணம் ஆகிவிடாது, அந்தக் கட்டடம் திருமணத்துக்காகப் பதிவு பெற்றிருக்க வேண்டும். அதனால் அங்கே நம் ஆட்களில் பலரும் பதிவகத்தில் ஒரு நாள், கோவிலிலோ மண்டபத்திலோ ஒரு நாள் என்றுதான் வைக்கிறார்கள்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். தாலி பிப்ரவரி 8 ஞாயிறு. கையெழுத்து 6 வெள்ளி என்றால் நோட்டீஸ் ஜனவரி 8க்குள் கொடுத்திருக்க வேண்டும். அதற்கு முன் ஏழு நாள், ஆக டிசம்பர் 31க்குள் நீங்கள் அங்கே இருக்க வேண்டும். அது கடைசி நாள். இரண்டு மூன்று நாள் முன்பே போய்விடுங்கள். மொத்தம் ஆறு வாரம். அவ்வளவு லீவு கிடைக்காது என்றால் இன்னொரு வழி: நோட்டீஸ் 12 மாதம் வரை செல்லும். தீபாவளி முடிந்து அக்டோபர் கடைசியில் பத்து நாள் போய் நோட்டீஸ் கொடுத்துவிட்டுத் திரும்பி, தை மாதம் மறுபடி போகலாம். ஆறு மாத விசாவுக்குள் இரண்டு பயணமும் அடங்கும். ஆனால் விசாவில் எத்தனை முறை நுழையலாம் என்று போட்டிருக்கும், அதைப் பார்த்த பிறகே இரண்டாவது டிக்கெட் எடுங்கள்.

இப்போது நீங்கள் பயந்த அந்த விஷயம். ஒரு வருஷம் கழித்துக் குடிபோவதை மறைக்காதீர்கள். இந்த விசாவுக்கு அவர்கள் கேட்பது, இந்தப் பயணம் முடிந்து நீங்கள் திரும்பிவிடுவீர்களா என்பதுதான். உள்ளே இருந்துகொண்டே துணைவர் விசாவுக்கு மாறவும் முடியாது. "அப்பாவைக் கவனிக்கவும் வேலைக்கும் திரும்புகிறேன், பிறகு சிங்கப்பூரிலிருந்து துணைவர் விசாவுக்கு விண்ணப்பிப்பேன்" என்று எழுதுங்கள். முதலாளியிடம் ஒரு கடிதம் வாங்குங்கள்: என்ன வேலை, எத்தனை வருஷம், எத்தனை நாள் விடுப்பு கொடுத்திருக்கிறோம், எந்தத் தேதியில் வேலைக்குத் திரும்ப வேண்டும். எனக்குப் பள்ளி கொடுத்த கடிதத்தில் அந்தத் திரும்பும் தேதி கொட்டை எழுத்தில் இருந்தது. அப்புறம் ஆறு மாத வங்கிக் கணக்கு, சம்பளச் சீட்டு, தங்கப் போகும் வீட்டுக்காரரின் கடிதம், பதிவகத்தில் நேரம் குறித்ததற்கான மின்னஞ்சல், நீங்கள் இருவரும் சேர்ந்திருக்கும் படங்கள் சில.

நேராக அங்கேயே தங்கிவிட நினைப்பவர்களுக்கு இது ஆகாது. அவர்கள் வருங்காலத் துணைவருக்கான விசா எடுக்க வேண்டும், அது 1,938 பவுண்டு. வருமானம் வருஷத்துக்கு 29,000 பவுண்டு காட்ட வேண்டும். ஆங்கிலம் தெரியும் என்றும் நிரூபிக்க வேண்டும். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கிலத்தில் படித்தாலும் விலக்குப் பெற்ற நாடுகளின் பட்டியலில் சிங்கப்பூர் இல்லை. உங்களுக்கும் அடுத்த வருஷம் இதே கதைதான், ஆங்கிலத்தில் படித்த பட்டம் இருந்தால் இப்போதே எடுத்து வையுங்கள்.


ஜூரோங் பட்டறை
2025 ஜூலை 7, இரவு 11.52

டீச்சர் அக்கா சொன்னது எல்லாம் சரி. நான் என் கதையைச் சொல்கிறேன், என்னைப் போல இந்தியப் பாஸ்போர்ட்டில் இங்கே வேலை பார்ப்பவர்களுக்கு உதவும்.

சொந்த ஊர் பட்டுக்கோட்டை. ஜூரோங்கில் எஸ் பாஸில் (வேலை அனுமதி) எட்டு வருஷம். கட்டிக்கிட்ட பிள்ளை நாட்டிங்காமில் நர்ஸ், வேலை விசாவில் இருக்கிறது. போன வருஷம் முதல் தடவை விண்ணப்பித்தேன், மறுத்துவிட்டார்கள். தப்பு என்னுடையது. கணக்கில் பணம் நிறைய இருந்தால்தான் தருவார்கள் என்று ரூமில் ஒருத்தன் சொன்னதைக் கேட்டு, மூன்று பேரிடம் கைமாற்று வாங்கி 12,000 வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) ஒரே வாரத்தில் கணக்கில் போட்டேன். மறுப்புக் கடிதத்தில் அந்தத் தேதியையும் தொகையையும் எழுதி, இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று விளக்கவில்லை, அதனால் உங்கள் உண்மையான நிலைமை எங்களுக்குத் தெரியவில்லை என்று இரண்டே வரியில் முடித்துவிட்டார்கள். மேல்முறையீடு கிடையாது. கட்டிய பணமும் திரும்ப வராது. அந்தக் கடிதத்தை டார்மிட்டரி மாடிப்படியில் உட்கார்ந்து நாலு தடவை படித்தேன். அந்தப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அன்று இரவு போனையே எடுக்கவில்லை.

ஆறு மாதம் பொறுத்தேன். மாதா மாதம் சம்பளம் வருவது, ஊருக்கு அனுப்புவது, மிச்சம் நிற்பது, எல்லாம் உள்ளபடி. மிச்சம் 4,700 வெள்ளிதான் இருந்தது. அதையே காட்டினேன். போக்குவரத்துக்கு நான், தங்க, சாப்பிட அவள் என்று ஒரு தாளில் கணக்கு எழுதி வைத்தேன், அவளுடைய சம்பளச் சீட்டும் சேர்த்து. முதல் தடவை ஏன் மறுத்தார்கள், அந்தப் பணம் யாருடையது என்பதையும் ஒளிக்காமல் எழுதினேன். கிடைத்துவிட்டது. எஸ் பாஸ் இன்னும் 14 மாதம் செல்லும்படி இருந்ததும் நல்லதாகப் போனது. பாஸ் முடியப் போகிற நேரத்தில் விண்ணப்பித்தால் திரும்பி எங்கே போவாய் என்ற கேள்வி வரும்.

மல்லிகை அக்கா, உங்கள் ஆளுக்கு நிரந்தர உரிமை இருப்பதால் உங்களுக்கு 28 நாள் போதும். எங்களுக்கு அப்படி இல்லை. அவள் வேலை விசாவில் இருந்ததால் எங்கள் நோட்டீஸ் உள்துறைக்குப் போனது. அவர்கள் விசாரிக்க நினைத்தால் 28 நாள் 70 நாள் ஆகிவிடும். எங்களுக்கு நீட்டவில்லை என்று கடிதம் வந்தது, ஆனால் அது வருகிற வரைக்கும் மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்காமல் கையைக் கட்டிக்கொண்டு இருந்தோம். இதே நிலைமையில் இருப்பவர்கள் 70 நாளையும் மனதில் வைத்து டிக்கெட் போடுங்கள், தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுங்கள்.

நோட்டீஸ் அன்று எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்கள். அவள் முழுப்பெயர், பிறந்த தேதி, என்ன வேலை என்று கேட்டார்கள். தெரிந்ததுதான், இருந்தாலும் எனக்கு வாய் வறண்டுவிட்டது. பதிவக அதிகாரி அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மெதுவாகச் சொல்லுங்கள் என்றார்.


ஈசூன் மல்லிகை
2025 ஜூலை 8, இரவு 9.05

இரண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. டீச்சர் அக்கா எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். நாள்கணக்கு வந்ததும், "நிறுத்து, திரும்பப் படி" என்று சொல்லிக் கையில் பேனா எடுத்துக்கொண்டார். இப்போது எங்கள் வீட்டுக் காலண்டரிலும் பென்சில் எண் இருக்கிறது.

மேலதிகாரியிடம் இன்று பேசிவிட்டேன். வருஷ விடுப்பு 18 நாளோடு இந்த வருஷத்து மிச்சம் ஆறு நாள் சேரும். மீதிக்குச் சம்பளமில்லாத விடுப்பு தருகிறேன் என்றார். டிசம்பர் 27 கிளம்பி ஒரே பயணமாகப் போய்விடலாம் என்று நினைக்கிறேன். இரண்டு டிக்கெட் காசு அப்பாவின் மருந்துக்கு ஆகும். ஜூரோங் தம்பி, உங்கள் கதையைப் படித்து மனசு கஷ்டமாகிவிட்டது. எங்கள் சித்தப்பா நகைக்காக 8,000 வெள்ளி என் கணக்கில் போடுவதாகச் சொல்லியிருந்தார். போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அப்பா கணக்கிலேயே இருக்கட்டும்.

இன்னும் இரண்டு சந்தேகம். ஒன்று, லண்டனில் பதிவு செய்துவிட்டு வந்து இங்கே ஆர்ஓஎம்மிலும் (திருமணப் பதிவகம்) பதிவு செய்ய வேண்டுமா? அத்தை ஒருவர் கட்டாயம் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடு கிடைக்காது என்கிறார். இரண்டு, என் பாஸ்போர்ட்டில் பெயர் நடுவில் டி/ஓ (இன்னாரின் மகள்) போட்டு அப்பா பெயர் வருகிறது. குடும்பப் பெயர் என்று தனியாக எதுவும் இல்லை. விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் கட்டாயம் கேட்கிறார்கள். என்ன எழுதுவது?


தோ பாயோ தாத்தா
2025 ஜூலை 9, காலை 7.20

முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன், அம்மா. என் மகள் 2022ல் எடின்பரோவில் கல்யாணம் செய்தாள். நானும் உங்கள் அத்தை மாதிரியே நினைத்துக்கொண்டு திருமணப் பதிவகத்தில் போய்க் கேட்டேன். அந்த ஊர்ச் சட்டப்படி ஒருமுறை நடந்துவிட்டால் நீங்கள் கல்யாணமானவர். கல்யாணமானவருக்கு இங்கே மறுபடி பதிவு செய்ய முடியாது. அங்கே வாங்கிய சான்றிதழ்தான் எல்லாவற்றுக்கும். வீவகவிலும் அதைத்தான் கொடுத்தோம். ஒன்றுக்கு இரண்டு மூன்று அசல் பிரதியாக அங்கேயே காசு கட்டி வாங்கிக்கொண்டு வாருங்கள், பிறகு தபாலில் வரவழைப்பது அலைச்சல்.

யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். மத்திய சேமநிதியில் உங்கள் பணம் யாருக்குப் போக வேண்டும் என்று அப்பா பெயரையோ தம்பி பெயரையோ நியமனம் செய்து வைத்திருக்கிறீர்களா? கல்யாணம் ஆன அன்றே அது ரத்தாகிவிடும். லண்டனில் ஆனாலும் அப்படித்தான். புதிதாக நியமனம் செய்யாவிட்டால், நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால் பணம் பொது அறங்காவலரிடம் போய்ச் சட்டப்படி பங்கு பிரியும். பிள்ளை இல்லாதவருக்குக் கணவருக்குப் பாதி, பெற்றோருக்குப் பாதி. உயில் எழுதி வைத்திருந்தாலும் கல்யாணத்தோடு அதுவும் செல்லாது. நல்ல காரியம் பேசும்போது இதைச் சொல்கிறேனே என்று நினைக்காதீர்கள். என் மனைவி போனபோது இந்த ஒரு தாளுக்காக நான் ஏழு மாதம் நடந்தேன். அப்பாவுக்கு இருதய அறுவை நடந்திருக்கிறது என்கிறீர்கள், அவரை நீங்கள்தானே தாங்குகிறீர்கள். திரும்பி வந்த வாரமே சிங்பாஸில் (அரசாங்க இணையக் கணக்கு) நுழைந்து செய்துவிடுங்கள், பத்து நிமிடம்.

ஸ்காட்லாந்துச் சட்டம் கொஞ்சம் வேறு. அங்கே முன்கூட்டிப் போய் ஏழு நாள் தங்க வேண்டியதில்லை. எம்10 என்ற படிவத்தை இங்கிருந்தே தபாலில் அனுப்பலாம், 29 நாள் முன்பாவது போய்ச் சேர வேண்டும், பத்துப் பன்னிரண்டு வாரம் முன்பே அனுப்பினால் நிம்மதி. வெளிநாட்டில் வசிப்பவர் திருமணத்துக்குத் தடையில்லை என்ற சான்றும் கொடுக்க வேண்டும். விசா மட்டும் இதே விசாதான், அதில் மாற்றம் இல்லை. உங்கள் மாமியாரால் அவ்வளவு தூரம் வர முடியாது, உங்களுக்கு இது உதவாது. லீவு குறைவாக உள்ள வேறு யாராவது படித்தால் பயன்படட்டும் என்று எழுதினேன்.


பிடோக் டீச்சர்
2025 ஜூலை 9, இரவு 8.30

தாத்தா சொன்ன சேமநிதி விஷயம் எனக்கே தெரியாது. ஒன்றரை வருஷம் கழித்து இன்றுதான் போய்ப் பார்த்தேன், அம்மா பெயர் ரத்தாகித்தான் இருந்தது. இன்றைக்கே புதிதாகச் செய்துவிட்டேன். மிக்க நன்றி ஐயா.

தங்கச்சி, டி/ஓ பிரச்சினை எனக்கும் இருந்தது. விண்ணப்பத்தில் என் பெயரை முன்பெயர் கட்டத்திலும் அப்பா பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்திலும் போட்டேன். வேறு பெயர்கள் உண்டா என்று கேட்கும் இடத்தில் ஐசியில் (அடையாள அட்டை) இருப்பது போலவே டி/ஓ சேர்த்து முழுசாக எழுதினேன். கூடவே ஒரு சின்னக் கடிதம்: எங்கள் வழக்கத்தில் குடும்பப் பெயர் கிடையாது, டி/ஓ என்றால் இன்னாரின் மகள், இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று. விசாவில் அதனால் சிக்கல் வரவில்லை.

சிக்கல் வரப் பார்த்தது பதிவகத்தில். நோட்டீஸ் எடுத்த பெண் என் பாஸ்போர்ட்டைப் பார்த்துத் தட்டச்சு செய்துகொண்டே, "டி, ஓ என்பது உங்கள் நடுப்பெயரா?" என்று கேட்டார். விளக்கினேன். "அப்படியானால் அதை விட்டுவிடலாமே" என்றார். விடாதீர்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். இங்கே வந்து வீட்டுக்கும் மற்றதுக்கும் சான்றிதழைக் காட்டும்போது ஐசியில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும் இல்லையா. அவர் திரையை என் பக்கம் திருப்பி, ஒவ்வொரு எழுத்தாக வாசிக்கச் சொல்லி, சரி என்று நான் சொன்ன பிறகே அடுத்த கட்டத்துக்குப் போனார். நீங்களும் திரையைப் பார்க்கக் கேளுங்கள். கையெழுத்துப் போட்டுப் பதிவேறிய பிறகு திருத்துவது பெரிய வேலை.

அதே திரையில்தான் அப்பா பெயர், தொழில் கேட்டார்கள். அப்பா பஸ் ஓட்டுநராக இருந்தார், நான் உயர்நிலை மூன்று படிக்கும்போது இறந்துவிட்டார். அதைச் சொன்னேன். அடுத்து, "அம்மாவின் பெயர், தொழில்?" என்றார். நான் எதிர்பார்க்கவில்லை. முன்பெல்லாம் இங்கிலாந்துச் சான்றிதழில் அப்பாக்களின் பெயர் மட்டும்தான் இருக்குமாம். 2021 மே மாதத்திலிருந்து அம்மாக்களின் பெயரும் சேர்த்திருக்கிறார்கள். எங்கள் அம்மா ஒரு தொடக்கப்பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் 22 வருஷம் கடை வைத்து மீ கோரிங் போட்டு எங்கள் மூன்று பேரையும் படிக்க வைத்தவர். அதை எப்படிச் சொல்வது என்று ஒரு நிமிடம் யோசித்தேன். "உணவுக் கடை உரிமையாளர்" என்றேன். அப்படியே அடித்தார்.

டிசம்பர் 28 அன்று அம்மா பக்கத்தில் இருந்தார். பள்ளி விடுமுறைக் கடைசி வாரம், கடையை ஒரு நாள்கூட மூடியதில்லை என்று சொல்லிச் சொல்லியே வந்தார். மார்கழி என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தார். சான்றிதழை நான் கையில் கொடுத்ததும் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டார். ஆங்கிலம் அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும். தன் பெயரைக் கண்டுபிடித்து விரலை வைத்தார், பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னைக் கேட்டார். சொன்னேன். "எதுக்கு அதையெல்லாம் போட்ட" என்றார். பிறகு அந்தத் தாளைத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார், ஊர் வந்து சேரும் வரை என்னிடம் தரவில்லை.

உங்கள் மாமியாரின் பெயரும் அதில் வரும், தங்கச்சி. அவருடைய பெயரின் ஆங்கில எழுத்துக்களை இப்போதே அவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டயாலிசிஸ் இல்லாத கிழமை எது என்று பார்த்துப் பதிவகத்தில் நேரம் பிடியுங்கள், பிப்ரவரி 6 அவருக்கு ஓய்வு நாள்தானா?